எங்க தாத்தா வயல்ல மீன் நீந்துது!

உங்க தாத்தா வயல் எங்கே இருக்குன்னு யாராவது கேட்டா, என்ன சொல்வீங்க? திருவாரூர் பக்கம், தேனி பக்கம்னு ஊர் பேரைச் சொல்வீங்க. என்கிட்டே கேட்டா, 'கடலுக்குள்ளே'ன்னுதான் சொல்வேன். ஹாஸ்டலில் முதல் நாள் இப்படிச் சொன்னப்ப, ரூம்மேட்ஸ் மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஜோக் இல்லீங்க, நிஜம்!

நான் அந்தமான் பொண்ணு. தாத்தா ராமநாதபுரத்தில் இருந்து கப்பல் ஏறிப் போனவர். போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் சிப்பிகாட்டில் எங்களுக்கு வயல். (2024-ல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க. எங்க பாட்டிக்கு இன்னும் அது 'பிளேர்'தான்.) இப்போ தமிழ்நாட்டில் சிவில் என்ஜினீயரிங் மூணாவது வருஷம் படிக்கிறேன். 'அந்தமானா? செம ஜாலி! டெய்லி பீச்தானே?' என்று கேட்காத ஃப்ரெண்டே கிடையாது. பீச் இருக்கு. ஆனா அந்த பீச்சுக்கு அடியில் என்ன இருக்கு என்பதை யாரும் கேட்டதில்லை. அதைத்தான் இன்னிக்கு உங்ககிட்டே சொல்லப்போறேன்.

எங்க தீவுகளுக்கு மேற்கே, கடலுக்கு அடியில் ஒரு நீளமான பள்ளம் ஓடுது. நாம நிக்கிற இந்தியத் தட்டு அங்கேதான் இன்னொரு தட்டுக்கு அடியில் மெதுவா செருகிக்கிட்டே இருக்கு. 'மெதுவா'ன்னா, வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான். பிரச்னை என்னன்னா, ரெண்டு தட்டும் ஒண்ணோடு ஒண்ணு சிக்கிக்கும். கீழே போற தட்டு, மேலே இருக்கிற தட்டின் விளிம்பையும் சேர்த்து இழுத்துக்கிட்டே போகும். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து முனையை விரலால் அழுத்திப் பாருங்க. முனை கீழே போகும், நடுவில் வளைஞ்சு மேலே எழும்பும். விரலை எடுத்தா? டப்புனு முனை மேலே வரும், எழும்பின இடம் கீழே இறங்கும். அவ்வளவுதான் விஷயம்!

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.29-க்கு அந்த விரல் எடுபட்டது. ரிக்டர்னு நாம பழக்கத்தில் சொல்ற அந்த அளவில் 9.1. சுமத்ராவில் ஆரம்பிச்ச உடைப்பு, வடக்கு அந்தமான் வரைக்கும் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிஞ்சுக்கிட்டே வந்தது. வட அந்தமானின் மேற்குக் கரையில் நிலம் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து, பவளப் பாறைகள் எல்லாம் வெயிலில் வந்து நின்னது. போர்ட் பிளேர் பக்கம் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கிப்போச்சு. இந்தியாவின் தென்கோடின்னு நாம பரீட்சையில் எழுதற இந்திரா முனை நாலு மீட்டருக்கும் மேல் இறங்கி, அங்கே இருந்த கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி தண்ணிக்குள் போயிடுச்சு.

சுனாமி அலை வந்தது, போனது. அது எல்லாருக்கும் தெரியும். எங்க வயலுக்கு வந்த தண்ணி மட்டும் போகவே இல்லை. ஏன்னா, தண்ணி ஏறி வரலை. வயல்தான் இறங்கிடுச்சு!

அன்னிக்கு அம்மா வயித்துக்குள் நான் அஞ்சு மாசம். தாத்தா விடியறதுக்கு முன்னாடியே வயலுக்குப் போயிருந்தார். நெல் அறுவடைக்கு நின்னுக்கிட்டு இருந்ததாம். தரை ஆட ஆரம்பிச்சதும் வரப்பைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். நிக்கவே முடியலையாம். ஆட்டம் நின்னதும் வீட்டுக்கு ஓடி வந்து, பாட்டி, அம்மா, அப்பா எல்லாரையும் கூட்டிக்கிட்டு பின்னாடி இருக்கிற மேட்டில் ஏறியிருக்கார். 'சுனாமி' என்கிற வார்த்தையே அவருக்குத் தெரியாது. "தரை இப்படி ஆடினப்புறம் பள்ளத்துல இருக்கக் கூடாதுன்னு தோணுச்சு, அவ்வளவுதான்" என்பாராம். அந்தத் தோணல் மட்டும் இல்லைன்னா, இந்தப் பக்கத்தில் இன்னிக்கு வேற யாரோ எழுதிட்டு இருப்பாங்க.

அதுக்கப்புறம் தினமும் ரெண்டு தடவை, கடல் ஏறும்போதெல்லாம் வயலில் உப்புத்தண்ணி. பௌர்ணமி, அமாவாசைன்னா இன்னும் அதிகம். தாத்தா மண் அள்ளிப் போட்டு வரப்பை உயர்த்தினார். தண்ணி அதைத் தாண்டியது. இன்னும் உயர்த்தினார். தண்ணி கரைச்சுட்டுப் போச்சு. தென்னையும் பாக்கும் நின்ன இடத்திலேயே பட்டுப்போய், கம்பங்கள் மாதிரி வரிசையா நின்னது. "கடலு வந்த வழியிலேயே திரும்பிப் போயிடும்" என்று சொல்லிக்கிட்டே இருந்த தாத்தா, எனக்கு விவரம் தெரியறதுக்குள் போய்ச் சேர்ந்துட்டார். கடல் போகலை. இப்போ அந்தப் பக்கம் பெரிய பெரிய கேமராவோடு பறவை பார்க்க ஆட்கள் வர்றாங்க. கொக்கும் நாரையுமா ரொம்ப அழகா இருக்கும். நானே அங்கே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சிருக்கேன். வயலுக்கான காகிதம் மட்டும் வீட்டு இரும்புப் பெட்டியில் பத்திரமா இருக்கு.

எங்க பாட்டியைப் பத்திச் சொல்லியே ஆகணும். எழுபது வயசைத் தாண்டியாச்சு. படிப்பு வாசனை கிடையாது. ஆனா நிலநடுக்கத்தில் டபுள் டாக்டரேட்! தரை லேசா ஆடினாப் போதும், பாட்டி எண்ண ஆரம்பிச்சிடுவாங்க. "ஒண்ணு முருகா, ரெண்டு முருகா, மூணு முருகா..." இருபது முருகாவுக்குள் நின்னுட்டா, திரும்பிப் படுத்துப்பாங்க. இருபதைத் தாண்டினா, ஆட்டம் நின்ன அடுத்த நிமிஷம் கதவுக்குப் பின்னாடி தொங்கற மஞ்சப்பையை எடுத்துக்கிட்டு மேட்டைப் பார்த்து நடந்துடுவாங்க. அந்தப் பையில் ரேஷன் கார்டு, ஆதார் நகல், டார்ச், தீப்பெட்டி, பிரஷர் மாத்திரை, ஒரு பாக்கெட் பிஸ்கட், தாத்தா போட்டோ. வருஷத்துக்கு ரெண்டு தடவை பிஸ்கட்டை மட்டும் மாத்துவாங்க. பழசு எனக்கு!

2009 ஆகஸ்ட்டில், ராத்திரி ஒண்ணரை மணி வாக்கில், வடக்கு அந்தமான் பக்கம் 7.5. பாட்டி என்னைத் தூக்கிக்கிட்டு மேட்டில் ஏறினாங்க. பெரிய அலை எதுவும் வரலை. 2012 ஏப்ரல் 11, மதியம் ரெண்டு மணி சுமாருக்கு சுமத்ராவுக்கு மேற்கே 8.6. சென்னையில்கூட ஆபீஸை விட்டு எல்லாரும் ரோட்டுக்கு ஓடி வந்தாங்களே, அதேதான். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவவிடாமல் பாட்டி என்னை இழுத்துக்கிட்டு ஓடினாங்க. அன்னிக்கும் பெரிய அலை இல்லை. அன்னிக்குத் தட்டு மேலே கீழே துள்ளலை, பக்கவாட்டில் நகர்ந்தது; அதனால் கடலை அது பெரிசாத் தூக்கிவிடலை என்பது காலேஜ் வந்தப்புறம்தான் எனக்குப் புரிஞ்சது. ஆனா அக்கம்பக்கத்தில் அன்னிக்கு பாட்டியை ஓட்டித் தள்ளிட்டாங்க. "என்ன ஆச்சி, கடலு வந்துச்சா?"

பாட்டி அசரவே இல்லை. "வரலைன்னா நல்லதுதானே? ஒரு நடை ஏறிட்டு வந்தா நான் என்ன தேஞ்சா போயிடுவேன்?"

இப்போ என் கதை. கொஞ்சம் வெட்கமான கதை.

போன செமஸ்டரில் கிளாஸில் ஒரு செமினார் எடுத்தேன். தலைப்பு, நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்கள். பின்னி எடுத்துட்டேன்! 5-க்கும் 9-க்கும் வித்தியாசம் நாலு இல்லை, வெளியாகிற சக்தியில் சுமார் பத்து லட்சம் மடங்குன்னு போர்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கீழே வெறும் தூணா விட்டு கார் நிறுத்திட்டு, மேலே நாலு மாடி கட்டற வீடு ஏன் முதலில் உட்காரும்னு அட்டையில் மாடல் செஞ்சு ஆட்டிக் காட்டினேன். தூணுக்குள்ளே போற ரிங் கம்பியோட முனையை 90 டிகிரியில் மடக்கிவிட்டா ஆட்டத்தில் பிரிஞ்சிடும், 135 டிகிரிக்கு உள்ளே வளைக்கணும்னு கம்பியை வெச்சே செஞ்சு காட்டினேன். கைத்தட்டல் அள்ளுச்சு. ஹெச்.ஓ.டி-யே வந்து கை கொடுத்தார்.

அடுத்த மாசம் லீவுக்கு ஊருக்குப் போனேன். ஒருநாள் ராத்திரி ரெண்டு மணி இருக்கும். கட்டில் ஆடுது. தொட்டில் மாதிரி, மெதுவா, நல்லா இழுத்து இழுத்து. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் 'சரக் சரக்'னு உரசுது. பக்கத்து அறையில் இருந்து பாட்டி குரல் கேட்குது. "பதினஞ்சு முருகா... பதினாறு முருகா..."

நான் என்ன பண்ணேன் தெரியுமா? தலைகாணிக்கு அடியில் இருந்து செல்போனை எடுத்தேன். எத்தனை ரிக்டர்னு பார்க்க! சிக்னல் சுத்திக்கிட்டே இருக்கு. ஆட்டம் நின்னுடுச்சு. பாட்டி வந்து கதவுல நின்னாங்க, தோளில் மஞ்சப்பை.

"எந்திரிடீ, போகலாம்."

"சின்னதுதான் பாட்டி. இரு, நெட்ல வந்துடும். பேசாம படு."

அப்பா லாங் டிரிப்பில் இருந்தார். அம்மாவுக்கு அன்னிக்கு நைட் டியூட்டி. வீட்டில் நாங்க ரெண்டே பேர். பாட்டி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாங்க. அப்புறம் டார்ச்சை அடிச்சுக்கிட்டு, மழை ஈரத்தில், தனியா மேட்டில் ஏறிப் போயிட்டாங்க. நான்? கொட்டாவி விட்டுக்கிட்டு, நெட்டில் தகவல் வருதான்னு பார்த்துக்கிட்டே தூங்கிட்டேன்.

ஒரு மணி நேரம் கழிச்சு பாட்டி திரும்பி வந்தப்ப முழிப்பு வந்தது. காலில் ரெண்டு அட்டை. உப்பு வெச்சு அதை எடுத்துக்கிட்டே அமைதியாக் கேட்டாங்க, "எத்தனை எண்ணினே?"

எனக்குப் பதில் இல்லை.

"நான் முப்பத்தி ரெண்டு எண்ணினேன். உன் போனு எத்தனை எண்ணுச்சு?"

அதுக்கு மேல் ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தாப் பரவாயில்லை. போன் அப்புறம் தகவல் சொல்லுச்சு. ஆறுக்கும் கீழே, ஒண்ணும் ஆபத்தில்லைன்னு. என் கணக்கு 'கரெக்ட்'தான். ஆனா நான் கணக்கே போடலையே ஃப்ரெண்ட்ஸ்! அது 9 ஆக இருந்திருந்தாலும், அதே கட்டிலில் அதே போனைப் பார்த்துக்கிட்டுதான் கிடந்திருப்பேன். செமினாரில் பின்னியெடுத்த அதே ஆளு!

அன்னிக்குத்தான் ஒரு விஷயம் உறைச்சது. தெரிஞ்சிருக்கிறது வேற, எந்திரிக்கிறது வேற. பிளவு மேலே வாழறவங்களுக்குப் பெரிய எதிரி நிலநடுக்கம் இல்லை. சின்னச் சின்ன ஆட்டங்கள் பழகிப்போறதுதான்.

நம்ம நாட்டில் இப்போ நல்ல எச்சரிக்கை ஏற்பாடு இருக்கு. 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் ஆரம்பிச்சாங்க. கடலுக்கு அடியில் பெரிய ஆட்டம் வந்தா, பத்து நிமிஷம் சுமாரில் முதல் தகவலைச் சொல்லிடுவாங்க. சென்னை, கடலூர், நாகப்பட்டினத்துக்கு இது உயிர் காக்கிற விஷயம். 2004-ல் அலை சென்னைக்கு வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆச்சு. அன்னிக்கு யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா...? ஆனா எங்களுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. போர்ட் பிளேருக்கு அன்னிக்கு முதல் அலை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வந்துடுச்சு. பிளவுக்குப் பக்கத்தில் இருக்கிறவங்களுக்கு சைரன், எஸ்.எம்.எஸ் எல்லாம் ரெண்டாவது எச்சரிக்கை. முதல் எச்சரிக்கை, காலுக்கு அடியில் வர்ற ஆட்டம்தான்.

இதை எங்க பாட்டி மட்டும் சொல்லலை. சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமுலூ-னு ஒரு தீவு. 1907-ல் அங்கே ஒரு சுனாமி வந்து ஏகப்பட்ட பேர் செத்துப்போனாங்க. தப்பிச்சவங்க அதைக் கதையாவும் தாலாட்டாவும் பேரப்பிள்ளைங்களுக்குச் சொல்லி வெச்சாங்க. தரை பலமா ஆடி, கடல் உள்வாங்கினா, 'ஸ்மோங்'னு கத்திக்கிட்டு மலைக்கு ஓடு! அவ்வளவுதான் பாடம். 2004-ல் அந்தத் தீவு, உடைப்பு ஆரம்பிச்ச இடத்துக்கு ரொம்பப் பக்கம். சைரன் கிடையாது. சுமார் 78,000 பேர் இருந்த தீவில், இறந்தவங்க ஏழே பேர்!

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு நிஜப் பரீட்சை.

நாங்க இருக்கிறது வாடகை வீடு. அப்பா டிரைவர். ரொம்ப வருஷமா சேர்த்து வெச்ச பணத்தில் மனை வாங்கறதா முடிவு பண்ணி, ஓடைப் பக்கம் தாழ்வான இடத்தில் ஒண்ணைப் பார்த்து, அட்வான்ஸும் கொடுத்துட்டார். ரோட்டு ஓரம். மேட்டில் இருக்கிற மனையில் பாதி விலை. "இருபது வருஷமா தண்ணி நின்ன இடத்துலதான் நிக்குது. அதுக்கு மேல ஏறலையே பாப்பா!" என்றார். சந்தோஷமா, ஸ்வீட்டோடு வந்து சொன்னார். எப்படி மறுக்கறது? அதுவும் அந்த ராத்திரி எந்திரிக்காத நான்?

சண்டை போடலை. "அப்பா, பௌர்ணமி அன்னிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாமா?"ன்னு மட்டும் கேட்டேன். புரோக்கர் சிரிச்சார். "நிலா பார்த்துட்டு யாரும்மா மனை வாங்குவா?"

கடல் உச்சத்துக்கு ஏறுற நேரமாப் பார்த்துப் போனோம். மனையில் தண்ணி இல்லை. அப்பா ஜெயிச்ச மாதிரி என்னைப் பார்த்தார். நான் மூலையில் போய் நின்னு, "இங்கே வாங்கப்பா" என்றேன். தரையெல்லாம் நண்டு வளை. ஒவ்வொரு வளைக்குள்ளேயும் தண்ணி தளும்புது. வேலி ஓரத்தில் கண்டல் செடி ஒரு அடி உயரத்துக்கு முளைச்சு நிக்குது. உப்புத்தண்ணி வராத இடத்தில் அது முளைக்காது என்பது அந்தமான்காரங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? இங்கே கடல் ஏறலை, ஆனா அடியில் வந்து உட்கார்ந்திருக்கு. பலமா ஆடினா இந்த மாதிரி ஈர மணல் கூழ் மாதிரி ஆகி வீட்டை உள்ளே வாங்கும். 2004 மாதிரி நிலம் இன்னும் ஒரு அடி இறங்கினா, வாசலில் மீன்தான்.

அப்பா ரொம்ப நேரம் அந்தச் செடியையே பார்த்துக்கிட்டு நின்னார். அப்புறம், "எங்கப்பா வரப்பு கட்டினப்ப, இதே செடிதான் முதல்ல முளைச்சுச்சு" என்றார். அவ்வளவுதான்.

அட்வான்ஸ் பணம் திரும்பி வரலை. எனக்கு லேப்டாப் வாங்க வெச்சிருந்த பணமும் அதில் சேர்த்தி. மேட்டில் சின்னதா, பாதி அளவில் ஒரு மனை பார்த்திருக்கோம். வண்டி போற ரோடு கிடையாது, லோன் வேற. ஒரே தளம், மரச்சட்டம், தகரக் கூரை. எங்க ஊர்ப் பழைய மரவீடுகள் 2004-ல் ஆடினாலும் உட்காரலை. அஸ்திவாரத்துக்கும் கான்கிரீட் வேலைக்கும் ரிங் கம்பி வளைக்கறப்ப பக்கத்தில் நின்னு பார்க்கப்போறது நான்தான். 135 டிகிரி, ஒரு டிகிரி குறைஞ்சாலும் விடமாட்டேன்!

'இவ்வளவு கஷ்டம் எதுக்கு? பேசாம மெயின்லேண்டுக்கே வந்துடுங்களேன்'னு ரூம்மேட் கேட்டா. நல்ல கேள்விதான். ஆனா எந்த ஊருக்கு வரட்டும்? சென்னை மூணாவது மண்டலம். புயல் இல்லாத கடற்கரை இருக்கா? வெள்ளம் பார்க்காத ஏரியா இருக்கா? ஆபத்தே இல்லாத ஊரைத் தேடறதைவிட, இருக்கிற ஊரோட ஆபத்தைச் சரியாத் தெரிஞ்சுக்கிட்டு இருக்கலாம். தாத்தா புதைஞ்ச மண் அது. பாட்டி அதை விட்டு வரவும் மாட்டாங்க.

அதனால் உங்களுக்கு ஒரு சின்ன ஹோம்வொர்க் ஃப்ரெண்ட்ஸ். இன்னிக்கு ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி உங்க ஹாஸ்டல் மாடிப்படி எங்கே இருக்கு, கட்டிலுக்கு மேலே என்ன தொங்குதுன்னு ஒரு தடவை பாருங்க. தரை ஆடினா ஓடாதீங்க. மேஜைக்கு அடியில் புகுந்து, காலைப் பிடிச்சுக்கோங்க, தலையைக் காப்பாத்துங்க. ஆட்டம் நின்னதும் லிஃப்டைத் தொடாமல் படியில் இறங்குங்க. கடற்கரையில் இருந்தா மட்டும், ஆட்டம் நின்ன உடனே மேட்டைப் பார்த்து நடையைக் கட்டுங்க. முதல் அலை போனதும் முடிஞ்சுதுன்னு இறங்கி வந்துடாதீங்க, பின்னாடி வர்றது பெரிசா இருக்கலாம். போனை அப்புறம் பார்த்துக்கலாம்.

நேத்து ராத்திரி பாட்டிக்கு போன் பண்ணேன். "லீவுக்கு எப்ப வர்றே?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். "வரும்போது ஒரு மஞ்சப்பை வாங்கிட்டு வாடீ. இங்க ஒண்ணுதான் இருக்கு"ன்னாங்க.

வாங்கிட்டேன். ஹாஸ்டல் கதவுக்குப் பின்னாடி இப்பவே தொங்குது.

ஒண்ணு முருகா, ரெண்டு முருகா...